முப்பத்தெட்டாம் எண் காசு

கடவுள் துணை
பிப்ரவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணி எழுதிக்கொள்வது.

உன் அப்பாவின் வெள்ளிக்காசுப் பெட்டியைத் திறந்தபோது உடன் இருந்தவர்கள்: நான், என் பெரியவன், அவன் மனைவி, எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர், பூட்டுத் திறக்க வந்தவர். ஆக ஐந்து பேர். ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணி. சாவி ஆஸ்பத்திரியில் எங்கோ தொலைந்துவிட்டது. நாளைக்கு ஒருவர் ஒன்று சொல்லக் கூடாதென்றுதான் இத்தனை பேரை உட்கார வைத்தேன். பூட்டுக்காரர், "என்னம்மா, பெட்டி திறக்கக் கூப்பிட்டீங்களா, பஞ்சாயத்து பண்ணக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார். உள்ளே இருந்தவை நாற்பத்தாறு காசுகள். உன் அண்ணனின் நோட்டில் உள்ள எண்ணிக்கையும் அதுவே. ஐந்து பேரும் பார்த்தோம்.

பத்தொன்பது வருஷம் கழித்து எழுதுகிறவள் முதலில் நலம் கேட்டிருக்க வேண்டும். கணக்கில் ஆரம்பித்துவிட்டேன். என் குணம் உனக்குத் தெரியாததா? நலமா பாப்பா? ஐம்பது வயசு ஆகியிருக்கும் உனக்கு. இன்னும் பாப்பா என்று கூப்பிடலாமா, தெரியவில்லை. வேறு பெயரில் உன்னைக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை.

உன் அண்ணன் தவறியதற்கு நீ அனுப்பிய மூன்று வரி அட்டை வந்தது. உன் முகவரி அதில்தான் கிடைத்தது. அவர் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் நர்ஸ் வெளியே போனதும் என்னைக் கிட்டே வரச்சொல்லி, "அந்தப் பெட்டி பாப்பாவுக்கு. வேற யாரும் கை வெக்க வேண்டாம்" என்றார். உன் பேச்சையே எடுக்காத மனுஷர். நான் சரி என்று தலையாட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

காசுகள் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே கறுப்பு. சிலவற்றில் நீலமும் பழுப்பும் திட்டுத்திட்டாக. அப்படியே உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் கிடைத்த புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். வெள்ளியைப் பளிச்சென்று ஆக்கும் வழி ஒரு வாரப் பத்திரிகையில் வந்ததை வெட்டி வைத்திருந்தேன். அதன்படி அலுமினியத் தாள் விரித்த தட்டில் கொதிக்கும் தண்ணீரும் சோடா உப்பும் போட்டு ஊறவைத்து, பிறகு எலுமிச்சை, பல்பொடி, பழைய டூத்பிரஷ். சாமி அலமாரியில் இருக்கும் வெள்ளிக் கிண்ணத்தை வாரா வாரம் எந்தப் பக்தியோடு துலக்குவேனோ, அதே பக்தியோடு துலக்கினேன். மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தை, இதுல முகம் பார்த்து பொட்டு வெச்சுக்கலாம் போலிருக்கே!" என்றாள். ஒன்றிலிருந்து முப்பது வரை வரிசைப்படி முடித்தாயிற்று. தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. மீதி தோள்வலி அடங்கிய பிறகு.

எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுது. போனில் பேசலாமே என்கிறான் பெரியவன். போனில் எனக்குச் "சாப்பிட்டியா, மழை பெய்யுதா" என்பதற்கு மேல் வராது. எழுதினால்தான் மனசில் இருப்பது வரும்.

இப்படிக்கு,
அன்புள்ள அண்ணி

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. டீ போட்டேன். அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் பிரித்தேன். பாப்பா என்றே கூப்பிடுங்கள். இங்கே அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

முதலில் ஒன்று. மீதிக் காசுகளைத் தொடாதீர்கள் அண்ணி. கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். துடைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம்.

கோபமில்லை. என் பிழைப்பே இதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு பழம்பொருள் காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழே பதினாறு வருஷமாகப் பழைய உலோகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுத்தம் செய்கிற வேலை என்று பெயர். நாளில் முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்யாமல் இருப்பதுதான் வேலை. என்னோடு இருக்கும் பெரியவர் புதிதாகச் சேருகிறவர்களிடம், "கை அரிச்சா பாக்கெட்ல போட்டுக்கோ" என்பார்.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை அண்ணி. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளியே மாறிய மாற்றம் அது. மெல்லிய தோல் மாதிரி. அதைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் சேர்ந்து போகிறது. பல்பொடி கண்ணுக்குத்தான் பொடி. காசுக்கு அது மணல். ஆயிரம் கோடு போட்டுவிடும். அந்தக் கோடுகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் பளபளப்பு என்று நினைக்கிறோம். எழுத்தின் விளிம்பும் முகத்தின் மூக்கும்தான் முதலில் மழுங்கும். சோடா உப்புத் தண்ணீர் கோடு போடாது, ஆனால் மேல்பரப்பை உயிரில்லாமல் வெளுக்க வைத்துவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை. பாதிப் பெட்டியை அண்ணனே கெடுத்திருப்பார். நான்கு நான்காக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும் வழக்கம் அவருக்கு உண்டு. ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. குறுக்கே கறுப்புப் பட்டை தெரிந்தால் அது அண்ணனின் கைங்கரியம். பிளாஸ்டிக் உறையில் வைத்தவற்றில் பச்சையாக, பிசுபிசுப்பாக இருந்தால் உறையை மட்டும் கழற்றிப் போடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். பெரிய காசு, ஒரு பக்கம் பாய்மரக் கப்பல் போட்டிருக்கும், நோட்டில் எண் முப்பத்தெட்டு. ஏழு வயசில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். நாள் முழுக்கக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தேன். வியர்வை. அப்பா கண்டுபிடித்தபோது அடிக்கவில்லை. துடைத்து வைத்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து கப்பலின் மேல் வானம் இருக்கும் இடத்தில் என் கட்டைவிரல் ரேகை எழும்பி வந்தது. வியர்வையின் உப்பும் எண்ணெயும் அப்படித்தான், முதலில் தெரியாது, மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வரும். வேலைக் கணக்கில் பார்த்தால் அது சேதம். அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, "திருடி கையெழுத்து போட்டுட்டுப் போயிருக்கா பாருங்க" என்பார்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது நான் வேலைக்கென்று கிளம்பினேன். "போறதா இருந்தா ஒரேயடியா போயிடு" என்று அண்ணன் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தேன். நல்ல விஷயத்தில் அவர் பேச்சை நான் கேட்டதே இல்லை. அந்த வீட்டில் நான் இருந்தேன் என்பதற்கு அந்த ரேகை ஒன்றுதான் மிச்சம் இருக்கும். மற்ற நாற்பத்தைந்தும் பெரியவனுக்கு இருக்கட்டும். அது ஒன்று போதும் எனக்கு. அது நன்றாக இருக்கிறதா, ஒரு வரி எழுதுங்கள்.

ஜூலையில் விடுப்பு கிடைக்கும். நான் அங்கே வரலாமா அண்ணி?

உங்கள்,
பாப்பா

*

கடவுள் துணை
மார்ச் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே கையை எடுத்துவிட்டேன். ஆசையாகச் செய்தது இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பத்திரிகைத் துண்டைக் கிழித்துப் போட்டேன். ரப்பர் பேண்ட் பட்டை ஒன்பது காசுகளில் இருக்கிறது. பச்சைப் பிசுக்கு நான்கில். உன் அண்ணனை நினைத்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் கட்டி முடிச்சுப் போட்டு பத்திரப்படுத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஜூலையில் வா. கேட்க வேண்டுமா? இது உன் வீடு. மாடி அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, அதையும் பார்க்க ஆள் வருகிறான், வருகிறான், வந்துகொண்டே இருக்கிறான். பெரியவன், "அத்தை வந்தா சாப்பிட எந்தப் பக்கம் உட்காருவாங்க?" என்று கேட்கிறான். உன்னைப் பார்த்த ஞாபகமே அவனுக்கு அரைகுறைதான்.

நீ கேட்ட கப்பல் காசு. துலக்கியதில் அந்த ரேகையும் சேர்ந்து போய்விட்டது பாப்பா. ஏதோ கறை என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தெரியாது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

நாற்பத்தாறையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, எண் எழுதி, உன் அண்ணனின் நோட்டையும் சேர்த்து நேற்று பார்சல் கொடுத்தேன். அவர் உனக்கென்று சொன்னதை நான் குறைக்கக் கூடாது. வந்து சேர்ந்ததும் எழுது.

கடவுள் உன்னைக் காப்பார்.

அன்புள்ள
அண்ணி

*

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நாற்பத்தாறும் சரி. மூன்று வாரமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வேலையிடத்துக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தேன். ஒன்று முதல் முப்பது வரை பளபளவென்று இருக்கிறது. முப்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை கறுப்பு. உங்கள் கணக்கு எப்போதும் போல் சரியாக இருக்கிறது. நடுவில் முப்பத்தெட்டு மட்டும் வெள்ளை.

அண்ணி, வரிசைப்படி முப்பதோடு நிறுத்தினேன் என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்தெட்டுக்கு எப்படி வந்தீர்கள்?

இதைப் பெரிசாக எடுத்திருக்க மாட்டேன். ஆனால் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. முப்பது காசிலும் கோடுகள் வட்ட வட்டமாக ஓடுகின்றன. மென்மையான பிரஷ், பொறுமையான கை. முப்பத்தெட்டு அப்படி இல்லை. வானம் இருக்கும் இடத்தில் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, மேலும் கீழுமாக ஆழக் கோடு. பிரஷ் இல்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாராக இருக்கும். மற்ற இடத்தில் பிறகுதான் பிரஷ் போட்டிருக்கிறீர்கள். அந்த வட்டங்கள் ஓரத்தில் இந்தக் கோடுகளின் மேல் ஏறி ஓடுகின்றன. கப்பலின் பாய்மரம் உச்சியில் காணாமல் போயிருக்கிறது. அண்ணன் நோட்டில் எழுதிய எடைக்கு இப்போது குறைகிறது. மற்றவை அவ்வளவு குறையவில்லை.

முன்பின் தெரியாத ஒருவர் இதைக் கொண்டுவந்திருந்தால், யாரோ ஒருவர் இந்த ஒரு இடத்தை வேண்டுமென்றே அழித்திருக்கிறார் என்று குறிப்பு எழுதியிருப்பேன்.

தப்பாக நினைக்கிறேன் என்றால் திட்டுங்கள். அந்தத் திட்டு எனக்கு வேண்டும்போல் இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இத்தனை வருஷம் கேட்க ஆள் இல்லை. அப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா?

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பாப்பா

*

கடவுள் துணை
மே 6

பாப்பாவுக்கு,

நீ தப்பாக நினைக்கவில்லை.

உன் கடிதம் வந்து நான்கு நாளாயிற்று. நான்கு நாளாகச் சாமி அலமாரிக்கு முன்னால் உட்காருகிறேன், வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பொய் சொன்ன வாயில் எது வரும்? "எனக்குத் தெரியாது" என்று எழுதினேன் அல்லவா, அது பொய். இனி எழுதுவதில் பொய் இருக்காது. நீ படித்துவிட்டு என்ன செய்தாலும் சரி.

அது உன் விரல் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணனே சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்ததும் அவர் பெட்டியைத் திறப்பார். நாற்பத்தாறு இருந்தாலும் எடுப்பது அந்த ஒன்றைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ரேகைமேல் கை பட விடமாட்டார். ஒரு தடவை, "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று கேட்டேன். "பாப்பாவோட விரல்" என்றார். அவ்வளவுதான். உன்னைப் போகச் சொன்ன மனுஷர் பத்தொன்பது வருஷம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் ரேகையைப் பற்றிக் கேட்பாயே என்ற பயம்.

பெட்டி திறந்த அன்றைக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு நோட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முப்பத்தெட்டு வந்தது. நோட்டில் மற்றவற்றுக்கு எடையும் வருஷமும் எழுதியிருந்தார். இதற்கு மட்டும் கீழே, "சுத்தம் செய்யக் கூடாது" என்று சிவப்பு மையில். நீயும் பார்த்திருப்பாய். அதைப் படித்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் பொய். தெரியும்.

உன் அப்பா பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். தூக்கி உட்கார வைத்தவள் நான். மலம் அள்ளியவள் நான். முதுகுப் புண்ணுக்கு நாளுக்கு இரண்டு வேளை மருந்து வைத்தவள் நான். இதை நான் சொல்லிக்காட்டியதே இல்லை. ஒரு வேளை, ஒரு நாள் தவறாமல் செய்தேன். மாமா என்னிடம் முகம் சுளித்துப் பேசியதில்லை. ஆனால் என் முகத்தை நன்றாகப் பார்த்ததும் இல்லை. கண் எப்போதும் கதவுப் பக்கம்தான் இருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கடைசி நாள் காலையில் உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்து, "பாப்பா, வந்துட்டியா?" என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி இரண்டு மாதம் இருக்கும். நான், "வந்துட்டேன்ப்பா" என்றேன். "எப்ப வந்த?" என்றார். "இப்பத்தான்ப்பா" என்றேன். பிடித்த கையை விடவில்லை. பதினொன்றரைக்குப் போய்விட்டார். போகும்போது முகத்தில் நிம்மதி இருந்தது. உன் இடத்தில் நின்று அந்தப் பதிலைச் சொன்னேன். இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடைந்து போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே கைப்பிடியும் உன் பெயருக்கு வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சிவப்பு மையைப் படித்தபோது இத்தனையும் ஒன்றாக எழுந்து வந்தது. ஒரு நாள் பொத்தி வைத்திருந்தவளுக்கு அழியாத இடம். இருபத்தாறு வருஷம் அந்த வீட்டைத் துலக்கியவளுக்கு எதன்மேலும் ஒரு அடையாளம் இல்லை. சிங்க்குக்கு முன்னால் நின்றேன். கையில் கிடைத்தது கம்பி நார். முதலில் லேசாகத்தான் தேய்த்தேன். போகவில்லை. உன் விரல் அவ்வளவு ஆழமாக இருந்தது. அழுத்தித் தேய்த்தேன். சாம்பல் நிறத் தண்ணீர் ஓடியது. கால் மணி நேரம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது கப்பலுக்கு மேலே வெறும் வெள்ளை. அப்போதுதான் குழாயை மூடினேன்.

ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் தெரிந்துபோகும். அதனால் மறுநாள் அதன் மற்ற இடங்களிலும் பிரஷ் போட்டுவிட்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். மருமகள் பாராட்டினாள். உனக்கும் பெருமையாக எழுதினேன், பக்தியோடு துலக்கினேன் என்று. உன் கடிதம் மட்டும் ஒரு வாரம் பிந்தியிருந்தால் நாற்பத்தாறும் வெள்ளையாகியிருக்கும். நீ கண்டுபிடித்திருக்க மாட்டாய். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். உன் அப்பாவின் முப்பது காசைக் கெடுத்தது அறியாமை இல்லை பாப்பா. ஒரு தப்பை மறைக்கச் செய்தது.

நீ ரொம்ப நல்ல மாதிரியாக எழுதியிருந்தாய், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் என்று. அதைப் படித்தபோது உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று புரிந்தது. கோபம் இருந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறேன், இல்லை. இருந்தபோது கையில் நார் இருந்தது, அதுதான் கஷ்டம்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாகப் பிரித்துப் பார். உன் அண்ணன் அந்தக் காசின்மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து ஒட்டியிருக்கிறார். ரேகை அதில் ஏறவில்லை, கப்பல் மட்டும்தான் தெரிகிறது. ரேகை இருந்த இடத்தில் அவரே பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறார். இதை நான் அனுப்புவதற்கு முதல் நாள்தான் பார்த்தேன். கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கிழிக்கவில்லை. இதையும் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்த ரேகையைத் திரும்பக் கொண்டுவர உன் வேலையில் ஏதாவது வழி உண்டா என்று கேட்க நினைத்தேன். இல்லை என்று எனக்கே தெரிகிறது. போன வெள்ளி போனதுதான்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஒழுகும் குழாயையும் சரிபண்ணியாயிற்று. பெரியவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன், "அத்தைக்கு எழுதிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டான். நீ வந்தால் நான் உன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றாலும் சரி, தங்கை வீட்டுக்குப் போய் இருந்துகொள்கிறேன். உன் அப்பா இருந்த அறையில் நீ ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். வரவே மாட்டேன் என்றாலும் அதைச் சொல்லிவிடு. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன், அவருக்கே என்னைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது போல.

ஜூலைக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. வருகிறாயா, இல்லையா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி